ஆசனத்துக்கு அப்பால்: யோகத்தில் பக்தி எங்கே இருக்கிறது?

அதிகாலை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். முதுகுவலிக்காக யோகா வகுப்பில் சேர்ந்தவள் நான். வலி போய்ப் பல காலம் ஆகிறது, பயிற்சியை மட்டும் விட மனசு வரவில்லை. இப்போது என் கேள்வியே வேறு. கடைசியில் சவாசனத்தில் அசையாமல் மல்லாந்து கிடக்கும்போது காரணமே இல்லாமல் ஒரு நன்றியுணர்வு பொங்கி வருகிறது. யாருக்கு நன்றி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கோயில், பூஜை என்று வளர்ந்தவளும் இல்லை. வகுப்பில் கேட்டால் "அடுத்த நிலை ஆசனங்களுக்குப் போகலாம்" என்கிறார்கள். நான் தேடுவது இன்னொரு ஆசனத்தை அல்ல.

யோகத்தில் பக்தி, ஜெபம், தியானம் என்றெல்லாம் சொல்கிறார்களே, அது ஆசனத்தோடு சேர்ந்ததா, தனிப் பாதையா? என்னைப் போன்றவர்கள் எங்கே தொடங்குவது? விரிவாகவே எழுதுங்கள், பொறுமையாகப் படிப்பேன்.

நெடும்பயிற்சி எழுதியது:

சகோதரி, நல்ல கேள்வி. பலருக்கும் வருவதுதான், வாய்விட்டுக் கேட்பவர்கள்தான் குறைவு.

முதலில் மூலத்தைப் பார்ப்போம். பதஞ்சலியின் யோக சூத்திரம் 4 பாதங்கள், 195 சூத்திரங்கள் (சில பதிப்புகளில் 196). அதில் ஆசனத்தை விளக்குபவை மூன்றே மூன்று, 2.46 (இரண்டாம் பாதம், 46ஆம் சூத்திரம்) முதல் 2.48 வரை. ஈசுவரப் பிரணிதானமோ, அதாவது இறைவனிடம் தன்னை ஒப்படைப்பது, நான்கு இடங்களில் வருகிறது: 1.23, 2.1, 2.32, 2.45. நியமங்கள், அதாவது நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் ஒழுக்கங்கள், ஐந்தில் அதுவும் ஒன்று. கிரியா யோகம் (செயல்வழி யோகம்) என்று அவர் சொல்லும் மூன்றில் அதுவும் ஒன்று. சமாதி, அதாவது மனம் முழுக்க ஒன்றிப்போகும் நிலை, அதனால் கைகூடும் என்று 2.45 நேராகவே சொல்கிறது. ஆக, பக்தியை யாரோ பின்னால் கொண்டுவந்து ஒட்டவில்லை. நாம்தான் நடுவிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து அதற்கு யோகா என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

ஆசனம் பற்றிய அந்த மூன்றிலும் நடுவில் இருப்பதைக் கவனியுங்கள். ஆசனம் கைகூட இரண்டு வேண்டும்: முயற்சி தளர்வது, அனந்தத்தில் மனம் தோய்வது. உரைகாரர்களில் சிலர் அனந்தம் என்பதை எல்லையற்றது என்று கொள்வார்கள். வாசஸ்பதி மிஸ்ரர் போன்றவர்கள் உலகைத் தாங்கும் ஆதிசேடன் என்பார்கள். எப்படிக் கொண்டாலும், உடம்பு அசையாமல் இருக்கும்போது மனம் தன்னைவிடப் பெரிய ஒன்றில் போய் நிற்கவேண்டும் என்பதுதான் அங்கே இருக்கும் உபதேசம். சவாசனத்தில் உங்களுக்கு நேர்வது அதன் தொடக்கமாக இருக்கலாம்.

இதைச் செய்து பார்க்க ஒரு வழி சொல்கிறேன். பச்சிமோத்தானாசனத்தில் காலை நீட்டி அமர்ந்து முன்னால் குனிந்து, போகிற தூரம் வரை போய் நில்லுங்கள். இன்னும் ஒரு அங்குலம் போகவேண்டும் என்ற ஆசையை விடுங்கள். தாடையைத் தளர்த்துங்கள், பிறகு நாக்கின் அடிப்பகுதியை, பிறகு கண்ணிமைகளுக்குள் விழிகளை. முயற்சி கடைசியாக ஒளிந்திருப்பது அங்கேதான். அவை தளர்ந்ததும் மூச்சு தானாகவே நீளும். அப்போது மனத்தில் ஒரு நாமத்தையோ உருவத்தையோ வைத்துக்கொண்டு, வெளிவிடும் ஒவ்வொரு மூச்சையும் அதன் காலடியில் வையுங்கள். அதே ஆசனந்தான், ஆனால் செய்து முடித்து எழுகிற ஆள் வேறாக இருப்பார். சூரிய நமஸ்காரத்தின் 12 மந்திரங்களும் இதற்குத்தான். மித்ராய, ரவயே, சூர்யாய என்று ஒவ்வொரு சுற்றையும் ஒரு நாமத்துக்குக் காணிக்கையாக்குவது. இன்று பல வகுப்புகளில் நாமங்கள் போய்விட்டன, சுற்றுகளின் எண்ணிக்கை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இன்றைய ஆசன வகுப்புகளில் பெரும்பகுதிக்கு மூல ஆசான் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989). பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் இந்திரா தேவியும் அவரிடம் கற்றவர்கள். அவரோ ஆழ்ந்த ஸ்ரீவைஷ்ணவர், வைணவ ஆசாரியர் நாதமுனிகளின் வழியில் தன்னை வைத்துப் பார்த்தவர். அவரிடமிருந்து உலகம் ஆசனத்தை எடுத்துக்கொண்டது, அவர் கும்பிட்டதை எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்விக்குறி எழுதியது:

நெடும்பயிற்சி ஐயா சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டால் இந்தச் சகோதரிக்குச் சிரமம்.

பதஞ்சலியின் ஈசுவரன் உலகைப் படைத்தவன் அல்ல. துன்பம், வினை, வினைப்பயன், வினையின் படிவு எதுவும் தீண்டாத ஒரு தனிப் புருஷன் (தூய உணர்வு) என்றுதான் 1.24 சொல்கிறது. அவன் வரம் தருவதாகவோ தண்டிப்பதாகவோ அங்கே பேச்சே இல்லை. 1.23 ஒரே வழியாக அதைச் சொல்லவும் இல்லை, மற்றொரு வழியாகத்தான் வைக்கிறது. பின்னாலேயே 1.33 முதல் 1.39 வரை வேறு வழிகள் வரிசையாக வருகின்றன. இன்பத்தில் இருப்பவரிடம் நட்பு, துன்பத்தில் இருப்பவரிடம் கருணை, நல்லவரைக் கண்டு மகிழ்ச்சி, தீயவரிடம் பற்றுமில்லாமல் பகையுமில்லாமல் இருப்பது, மூச்சை வெளிவிட்டு நிறுத்துவது, கடைசியில் "உனக்கு எது விருப்பமோ அதைத் தியானி" என்பது வரை. இவ்வளவு விரிந்த மனத்தோடு எழுதப்பட்ட நூலை, பக்தி இல்லாவிட்டால் யோகமே இல்லை என்று சுருக்கிவிடக்கூடாது.

கடவுள் நம்பிக்கை இல்லாதவன் நான். தியானத்தில் அமர்கிறேன், மனம் அடங்குகிறது. சகோதரி, உங்கள் நன்றிக்கு ஒரு விலாசம் கண்டுபிடித்தே ஆகவேண்டும் என்று அவசரப்படாதீர்கள். விலாசம் இல்லாத நன்றியும் நன்றிதான்.

நெடும்பயிற்சி எழுதியது:

கேள்விக்குறி, நீங்கள் சொல்வது சரியான வாசிப்பு, மறுக்கமாட்டேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பயிற்சி எப்போது வேர் பிடிக்கும் என்று 1.14 சொல்கிறது: நீண்ட காலம், இடைவிடாமல், பெருமதிப்போடு செய்தால். முதல் இரண்டும் ஒழுங்கால் வந்துவிடும். மூன்றாவது ஒழுங்கால் மட்டும் வராது. மதிப்பு என்றால் எதையோ நமக்கு மேலே வைத்திருக்கிறோம் என்று பொருள். அது கடவுளாகத்தான் இருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மேலே ஒன்றுமே இல்லாமல் பயிற்சி முன்னேறினால் வளர்வது "நான் யோகி" என்ற எண்ணம்தான். கடுமையாகச் சாதனை செய்தவர்களிடமே இதைப் பார்த்திருக்கிறேன். மூச்சை அடக்கத் தெரியும், ஒரு சொல் பொறுக்கத் தெரியாது.

கீதை 12ஆம் அத்தியாயத்தில் (20 சுலோகங்கள்தான், ஒரே அமர்வில் படித்துவிடலாம்) கண்ணன் படிப்படியாக இறங்கி வருவான். மனத்தை என்னிடம் நிறுத்து. முடியாவிட்டால் பழகிப் பழகி அடைய முயற்சி செய். அதுவும் முடியாவிட்டால் எனக்காக வேலை செய். அதற்கும் இயலாவிட்டால், செய்கிற வேலையின் பலனையாவது விட்டுவிடு. கடைசியில் சொன்னதைச் செய்ய நம்பிக்கை இல்லாதவராலும் முடியும். ஆளுக்கு ஒரு இடம் அதில் இருக்கிறது.

மூலன்தாசன் எழுதியது:

தமிழில் பேசிக்கொண்டே திருமூலரைத் தொடாமல் போகிறீர்களே, பொறுக்கவில்லை!

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் (பகுதி) அட்டாங்க யோகத்தில், அதாவது எட்டு உறுப்பு யோகத்தில்தான் தொடங்குகிறது. அங்கே இயமத்தை, அதாவது பிறரிடம் நடந்துகொள்ளும் ஒழுக்கத்தை, படித்துப் பாருங்கள். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை எல்லா நூலிலும் உண்டு. திருமூலர் கூடவே நடுநிலை தவறாமையையும் பகுத்துண்பதையும் சேர்க்கிறார். பக்கத்தில் பசித்தவன் இருக்கத் தனியே உண்பவன் யோகத்தின் முதல் படியிலேயே இல்லை என்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அடுத்தது நியமம். தவம், செபம், மகிழ்ச்சி, இறைநம்பிக்கை, தானம், விரதம், சித்தாந்தம் கேட்டல், வேள்வி, சிவபூசை, தெளிந்த அறிவு என்று பத்து. இதெல்லாம் சொல்லிவிட்டுத்தான் ஆதனத்துக்கு வருகிறார். ஆக அவர் வரிசையில் பூசையும் செபமும் தானமும் ஆசனத்துக்கு *முன்னால்*. நாம் பின்னால் தேடிக்கொண்டிருக்கிறோம்.

உடம்பை அவர் ஒதுக்கியவரும் இல்லை. ஒருகாலத்தில் உடம்பை இழுக்கு என்று நினைத்திருந்தேன், உடம்புக்குள்ளேயே உறுபொருளைக் கண்டேன், உத்தமன் அங்கே கோயில் கொண்டான் என்று அறிந்து உடம்பைப் பேணுகிறேன் என்கிறார். அதனால் ஆசனம் செய்பவர்கள் குற்ற உணர்வு கொள்ள ஒன்றுமில்லை. கோயிலைக் கூட்டிப் பெருக்குகிறீர்கள். கூட்டிப் பெருக்கியதும் சாமி கும்பிடாமல் வீட்டுக்குப் போய்விட வேண்டாம், அவ்வளவுதான்.

அதிகாலை அம்மா, உங்களுக்காகவே இன்னொன்றையும் சொல்லவேண்டும். சைவ மரபில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு நெறி. ஒவ்வொன்றுக்கும் ஒரு உறவு. சரியை அடிமையின் வழி, அப்பர் காட்டியது. கிரியை மகனின் வழி, சம்பந்தர் காட்டியது. ஞானம் சன்மார்க்கம், மாணிக்கவாசகர் காட்டியது. யோகத்துக்கு என்ன உறவு தெரியுமா? தோழமை! அதைக் காட்டியவர் சுந்தரர். பரவையாரின் ஊடலைத் தீர்க்கச் சிவபெருமானையே இரவில் தூது போகச் சொன்னவர். யோகத்தை இறுக்கமான, முகம் சுளித்த ஒழுங்காக நினைக்கிறவர்கள் இதை யோசிக்கவேண்டும். பூஜை முறை தெரியாது, வளர்ந்த விதம் வேறு என்று தயங்குகிறீர்கள். நண்பனிடம் பேச முறை எதற்கு?

வெண்மாலை எழுதியது:

ஒரு ஐயம். நான் கிறிஸ்தவள். ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் செய்கிறேன். ஓம் சொல்லும் இடத்தில் மட்டும் வாய் மூடிக்கொள்கிறேன், மனசு ஒப்பவில்லை. அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் ஜெபமாலையைப் பயிற்சி முடிந்ததும் சொன்னால் இரண்டையும் கலப்பதாகுமா?

நாதப்பிரியை எழுதியது:

வெண்மாலை, தாராளமாகச் சொல்லுங்கள். 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு சிறு ஆய்வு வந்தது. 23 பேரை லத்தீன் மொழியில் மரியே வாழ்க ஜெபத்தைச் சொல்லவைத்தார்கள், "ஓம் மணி பத்மே ஹூம்" மந்திரத்தையும் சொல்லவைத்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு மெதுவானது, இதயத் துடிப்பின் லயமும் அதோடு இசைந்தது. மூச்சைக் கட்டுப்படுத்தும்படி யாரும் சொல்லவில்லை. ஜெபத்தின் சொல்லோட்டமே அதைச் செய்தது.

எனக்கு வாய்த்தது பாட்டுதான். நாம சங்கீர்த்தனத்தில் ஒருவர் சொல்லிக் கூட்டம் திருப்பிச் சொல்லும்போது, நீளமாக இழுக்கும் அடிகளில் வெளிமூச்சு தானாகவே உள்மூச்சைவிட நீண்டுவிடும். பாட்டு நின்றதும் ஒரு மௌனம் வரும். அதைக் கைதட்டியோ பேசியோ கலைக்காமல் அப்படியே அமர்ந்து பாருங்கள். தியானத்துக்கு இதைவிட எளிய வாசல் எனக்குத் தெரியாது.

கேரண்ட சம்ஹிதை ஹடயோக நூல், உடம்பின் வழியாகப் போகும் யோகம். 32 ஆசனங்களைச் சொல்லும் அதே நூல் சமாதி வகைகளில் பக்தி யோக சமாதியையும் ஒன்றாக வைக்கிறது. இதயத்தில் இஷ்ட தெய்வத்தை நினைக்க நினைக்க உடல் சிலிர்த்துக் கண்ணீர் பெருகும் என்று அடையாளமும் சொல்கிறது. அதிகாலை, வகுப்பில் யாராவது உங்கள் நன்றிப் பெருக்கை வெறும் தசை இறுக்கம் விடுபடுவது என்று சொன்னால் அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

அதிகாலை எழுதியது:

படித்துப் படித்து மனசு நிறைந்துவிட்டது. தோழமை என்று மூலன்தாசன் ஐயா சொன்னது என்னை விட்டுப் போகவே இல்லை. பச்சிமோத்தானாசனத்தில் நாக்கைத் தளர்த்தச் சொன்னதையும் செய்து பார்த்தேன், அவ்வளவு நேரம் நாக்கை மேலண்ணத்தில் அழுத்திப் பிடித்திருக்கிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

இரண்டு கேள்வி. மந்திர தீட்சை (குருவிடம் முறையாக மந்திரம் பெறுவது) இல்லாமல் ஜெபம் செய்யலாமா? உடம்புக்குள் உறங்குவதாகச் சொல்லும் குண்டலினி சக்தியை 'எழுப்பித் தருகிறோம்' என்று விளம்பரங்கள் வருகின்றன. பார்த்தாலே பயமாக இருக்கிறது. இந்தப் பக்கம் வந்தால் அதையும் தொட்டே ஆகவேண்டுமா?

கடற்காற்று எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். மனநலத் துறையில் வேலை செய்கிறேன், சாதனையும் செய்கிறேன்.

பயப்படுவது நல்லதுதான். நாள்கணக்கில் மௌனம், தூக்கத்தைக் குறைப்பது, நீண்ட நேரம் மூச்சை உள்ளே நிறுத்தும் கும்பகம், இவை மூன்றும் சேர்ந்தால் நல்ல ஆரோக்கியமானவர்களுக்கே பதற்றமும் உடம்பிலிருந்து விலகி நிற்பது போன்ற உணர்வும் வரக்கூடும். முன்பே மனச்சிதைவோ இருமுனைக் கோளாறோ இருந்தவர்கள், குடும்பத்தில் இருப்பவர்கள், மருத்துவரிடம் பேசாமல் இதில் இறங்கவே கூடாது. சாதனையை நம்பி மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவரை விட்டு விலகுங்கள். வீட்டாரிடம் சொல்லாதே, கேள்வி கேட்காதே, இன்னும் பணம் கட்டினால் அடுத்த நிலை என்பவர்களும் அப்படித்தான். தனியறை, தொடுதல், ரகசியம் என்று பேச்சு வந்தால் அங்கே ஒரு நிமிடமும் நிற்கவேண்டாம்.

பக்தி கனிந்தவருக்கு ஆசிரியரிடம் நம்பிக்கை அதிகம் இருக்கும். அந்த நம்பிக்கையைத்தான் சிலர் சுரண்டுகிறார்கள். அதனால் இந்த எச்சரிக்கை பக்திக்கு எதிரானது இல்லை, பக்தியைக் காப்பாற்றுவதற்கானது. அனுபவங்களைத் துரத்தவும் வேண்டாம். சித்திகளை, அதாவது சாதனையால் வரும் அபூர்வ ஆற்றல்களை, விரிவாக விவரித்த பதஞ்சலியே, அவை சமாதிக்கு இடையூறு என்று அதே மூன்றாம் பாதத்தில் சொல்லிவிட்டார்.

கேள்விக்குறி எழுதியது:

கடற்காற்று எழுதியதை ஒவ்வொரு யோக வகுப்பின் வாசலிலும் ஒட்டிவைக்கவேண்டும்.

சித்திகளைப் பற்றித் தாயுமானவர் சொன்னதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை. மத யானையை வசமாக்கலாம், கரடி புலியின் வாயைக் கட்டலாம், நீர்மேல் நடக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போய், "சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறம் அரிது" என்று முடிப்பார். நம்பிக்கை இல்லாத நானும் அந்தப் பாட்டை மனப்பாடமாக வைத்திருக்கிறேன். மூலன்தாசன் எழுதிய பகுத்துண்பதும் என் மனசில் தைத்துவிட்டது. நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரே அளவுகோலை வைத்துக்கொள்ளலாம்: இத்தனை காலம் அமர்ந்ததில் கூட இருப்பவர்களுக்கு நம்மால் துன்பம் குறைந்திருக்கிறதா? இதை அவர்களிடமே கேட்டால் இன்னும் நல்லது.

நெடும்பயிற்சி எழுதியது:

அதிகாலை, முதல் கேள்விக்கு வருகிறேன். பீஜாட்சரங்கள் (ஓரசை விதை மந்திரங்கள்), தாந்திரிக மந்திரங்கள் போன்றவற்றை முறையாகப் பெற்றே செய்யவேண்டும் என்பது மரபு, அதை மதியுங்கள். இறைவனின் திருநாமத்தைச் சொல்ல யாருடைய அனுமதியும் வேண்டாம். ராமா, சிவாயநம, முருகா, அம்மா, எது உங்கள் வாயில் இயல்பாக வருகிறதோ அது. பத்து நாமங்களை மாற்றி மாற்றிப் பார்க்காமல் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ரமணர் தம் உபதேச உந்தியார் நூலில் வரிசைப்படுத்துகிறார்: உடம்பால் செய்யும் பூசை, அதைவிட வாக்கால் செய்யும் ஜெபம், அதைவிட மனத்தால் செய்யும் தியானம் உயர்ந்தது. ஜெபத்திலும் உரக்கச் சொல்வதைவிட உதட்டளவில் சொல்வதும், அதைவிட மனத்துக்குள் சொல்வதும் உயர்வு. ஆனால் உயர்ந்தது என்பதற்காக நேரே அங்கே தாவவேண்டியதில்லை. தொடக்கத்தில் காதில் விழும்படியே சொல்லுங்கள். மனம் அலைந்ததைச் சத்தமே காட்டிக்கொடுக்கும்: சொல் தேயும், வேகம் கூடும்.

மாலை வைத்துக்கொள்வதானால் 108 மணி. நடுவிரலில் தொங்கவிட்டுக் கட்டைவிரலால் ஒவ்வொரு மணியாகத் தள்ளுங்கள். ஆள்காட்டி விரல் படாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். மாலையின் தலைமணியான மேரு வந்ததும் அதைத் தாண்டாமல் மாலையைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போகவேண்டும். திருப்பும் அந்த நொடியில், நாமம் நடந்துகொண்டிருக்கிறதா அல்லது விரல் மட்டும் நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆசனம், பிறகு சில சுற்று நிதானமான மூச்சு, பிறகு ஜெபம், பிறகு ஒன்றுமே செய்யாமல் சற்று அமர்வது. சவாசனத்தைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம். அந்த நன்றி அங்கேதான் வருகிறது என்றால் அங்கேயே அதைக் காணிக்கையாக வையுங்கள்.

அதிகாலை எழுதியது:

செய்யத் தொடங்கிவிட்டேன் ஐயா. முருகா என்றுதான் வந்தது, ஏன் என்று தெரியவில்லை. ஒரே சிக்கல்: ஒரு மாலை முடிவதற்குள் தலை தொங்கிவிடுகிறது. அமைதியாக இருக்கிறது, ஆனால் அது தியானமா தூக்கமா என்று புரியவில்லை.

நெடும்பயிற்சி எழுதியது:

முருகன் வந்தால் ஏன் வந்தான் என்று கேட்காமல் உட்காரச் சொல்லுங்கள் தாயே.

நீங்கள் சொல்வது லயம், மனம் தற்காலிகமாக ஒடுங்கிப்போவது, எல்லோருக்கும் வருவது. மூச்சை அடக்கினால் வலையில் பட்ட பறவைபோல மனமும் ஒடுங்கும் என்று சொல்லும் அதே ரமணர், அப்படி ஒடுங்கியது மறுபடி எழும் என்றும் சொல்லிவிடுகிறார். எழுந்து வரும்போது நாமம் கூடவே இருந்தால் அது ஜெபம். நாமம் எங்கே விட்டதென்றே நினைவில்லை என்றால் தூக்கம். கண்ணைப் பாதி திறந்து வைத்துக்கொள்ளுங்கள், முதுகைச் சுவரில் சாய்க்காதீர்கள், சாப்பிட்டவுடன் அமராதீர்கள். அப்படியும் தலை தொங்கினால் எழுந்து நின்றபடி உரக்கச் சொல்லுங்கள், பாட வந்தால் நாதப்பிரியை சொன்னதுபோலப் பாடுங்கள். இரவு தூக்கம் குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், பல நேரம் விஷயம் அவ்வளவுதான்.

மூலன்தாசன் எழுதியது:

நடந்துகொண்டும் சொல்லலாம் அம்மா. மாலை வேண்டாம், அடிக்கு ஒரு நாமம். எனக்கு அதுதான் தூக்கத்தைப் போக்கியது.